ஸ்டெல்லாவின் தலையில் இறங்கிய கொக்கு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

என் மாமியார். நடு வீட்டில், சுவரில் சாய்ந்து.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து. லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு வெள்ளைச் சட்டை. காலரில் இஸ்திரிப் பெட்டியின் கரி ஒரு பொட்டு.

சின்னப்பன் உபதேசியார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். கல்யாணமும் பேசி முடிப்பார்.

பிள்ளைப்பாக்கத்து ஞானம்மா. மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை ஆரோக்கியசாமி. கம்பெனியில் லேத்து ஓட்டுபவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அடுப்படியில் என் நாத்தனார் ஸ்டெல்லா. புதுப் புடவையில், புகைக்கு நடுவே.

அடுப்படிக்கும் நடு வீட்டுக்கும் இடையில், நிலைப்படியில், நான். கையில் காப்பித் தட்டு.

ஞானம்மா ஜெபமாலை வைக்கிற துணிப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அதற்கு முத்தம் கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோவை எடுத்தது நான். அதில் ஒரு தப்பு இருந்தது. தப்பைத்தான் அவர் முத்தமிட்டார்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் கேமரா வந்த கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

மிஞ்சியது

மிஷன் ஆஸ்பத்திரியில் நான் துணி துவைத்த காலத்தைப் போன வாரம் எழுதினேன். படித்துவிட்டு என் மகன், "இவ்வளவுதானா? பதினாறு வருஷத்த ஒரு பக்கத்துல முடிச்சிட்டியே" என்றான். துணிதானே. அதில் என்ன இருக்கிறது.

அங்கே இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களைப் பங்கு போட்டுக் கொடுத்தார். நர்சம்மாவுக்குக் கடிகாரம். சமையல்காரருக்குக் குடை. வாட்ச்மேனுக்கு டார்ச் லைட். நான் ஏரியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது மேசையில் பெட்டிக் கேமரா மட்டும் இருந்தது.

எனக்குக் குடைதான் வேண்டியிருந்தது.

கறுப்புப் பெட்டி. வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். மேலே சின்னக் கண்ணாடியில் உலகம் தெரியும், இடம் வலம் மாறி. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஒன்று எடுத்ததும் பக்கத்துச் சாவியைத் திருப்பி அடுத்ததற்குப் போக வேண்டும். திருப்ப மறந்தால் கேமரா ஒன்றும் சொல்லாது. எடுத்ததன் மேலேயே எடுத்துக்கொண்டு போகும்.

யாரை எடுப்பது? மாமியார், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்றார். வீட்டுக்காரர் சரியாக எடுக்கிற நேரத்தில் கண்ணை மூடுவார்.

கொக்கு சும்மா நின்றது. அதை எடுத்தேன்.

கல்லும் கண்ணும்

மண்ணூர் ஏரியில் மதகுப் பக்கம் என் துவைக்கிற கல். காலையில் மூட்டையோடு போனால் மதியம் ஆகிவிடும். கைக்கு வேலை இருந்தது. கண்ணுக்கு வேலை இல்லை. அது பறவையைப் பார்த்தது.

முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டுவேன். எனக்கும் எனக்கும்தான். பெரும்பாலும் தோற்பேன். நீர்க்காக்கா கட்டை மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். நானும் பக்கத்தில் போர்வையை விரித்துக் காயவைப்பேன். அதற்கு மடித்து அடுக்குகிற வேலை கிடையாது.

எனக்குப் பிடித்தது மடையான். மதகு ஓரத்தில் சேற்று நிறத்தில் சேறாகவே நிற்கும். இருப்பதே தெரியாது. எழும்பினால் இறக்கை வெள்ளை வெளேரென்று இருக்கும். ஊரில் அதைக் குருட்டுக் கொக்கு என்பார்கள். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். என்னையும் ஊரில் ஊமை என்றார்கள்.

முதல் பிலிம் கழுவி வந்தபோது வீட்டுக்காரர் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டிலும் ஏரி. ஏரியில் ஒரு புள்ளி.

"இன்னாமே இது, கொக்கா கொசுவா?"

"கொக்கு."

"எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் தண்டலம் டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார். "ஊர்ல பொம்பளைங்க கண்ணாலத்துக்கு போட்டோ எடுப்பாங்க. என் பொண்டாட்டி கொசுவுக்கு எடுக்குது."

கிட்டே போக வேண்டும் என்று தெரிந்தது. கிட்டே போனால் பறந்துவிடும். பல மாதம் இதிலேயே போயிற்று. பிறகு ஒரு நாள் ஒன்று புரிந்தது. நான் துணி அடிக்கிற சத்தத்துக்கு அவை பயப்படுவதில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அடி நின்றால்தான் பயம். நின்றதும் கழுத்தை நீட்டிப் பார்க்கும். அடுத்த நிமிஷம் பறந்துவிடும்.

அதனால் நான் அடியை நிறுத்தவில்லை. கேமராவை மதகுச் சுவர் மேல் வைத்தேன். இடது கையால் துணியை அடித்துக்கொண்டே வலது கையால் படம் எடுத்தேன். கொக்கு பத்தடிக்குள் வந்தது.

"தொவச்சிகினே போட்டோ புடிக்கிற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் வீட்டுக்காரர். இதையும் டீக்கடையில் சொல்லியிருப்பார்.

ஒரு எருமை

இங்கே காசியம்மாவின் எருமையைச் சொல்லிவிடுகிறேன். விட்டால் மறந்துபோகும்.

காசியம்மா பக்கத்துத் தெரு. என் கையில் பெட்டியைப் பார்த்து முதலில், "கொக்கு புடிக்கிறியே, கொழம்பு வெக்கவா?" என்றாள்.

"படம்" என்றேன்.

"படத்த வெச்சி இன்னா கொழம்பு வெப்பே?"

ஆனால் அவளுக்கும் ஆசை வந்தது. பட்டணத்திலிருக்கும் தம்பிக்குத் தன் எருமையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள். எருமையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, ஏரிக்கரையில் நிறுத்தினாள். அதன் முதுகில் ஒரு உண்ணிக்கொக்கு வந்து உட்கார்ந்தது. காசியம்மா அதை விரட்டக் காத்திருந்தாள். நான் அது உட்காரக் காத்திருந்தேன்.

படம் வந்தது. முழுக் கொக்கு, பாதி எருமை.

"என் எருமைக்குத் தல எங்க?" என்றாள்.

அவள் தம்பி, மாடு செத்துவிட்டதோ என்று கேட்டு எழுதினானாம். அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது தெரிய நாளாயிற்று.

சாவி

ஸ்டெல்லாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு இருக்கும். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வர வேண்டும். மூன்று இடம் வந்து தட்டிப்போயிற்று. முதல் ஆள் காரணம் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் நிறம் என்றார். மூன்றாவது வீட்டில், "பொண்ணு கொக்காட்டம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சொல் தெருவில் தங்கிவிட்டது. பையன்கள் அவளைப் பார்த்து ஒற்றைக் காலில் நிற்பார்கள். அவளும் திரும்பி ஒற்றைக் காலில் நிற்பாள். சிரிப்பாள். வீட்டுக்குள் வந்து சிரிக்கமாட்டாள்.

"அண்ணி, ஏரியில போயி எதுக்குக் காத்துக்கினு கீறே? கொக்கு வூட்டுலயே கீதே" என்பாள்.

உபதேசியார் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு இடம் பார்த்தார். பையனுக்கு அப்பா இல்லை. கம்பெனி வேலை. போட்டோ கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றேன்.

"வூட்டுலயே பொட்டி கீது. ஸ்டுடியோ எதுக்கு?" என்றார் மாமியார்.

பிலிமில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. ஒன்று ஏரிக்கு, ஒன்று ஸ்டெல்லாவுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மேகம் போட்டிருந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. பெரிய வெள்ளைக் கொக்கு ஒன்று மதகுச் சுவருக்கே வந்தது. நான் போர்வையை அடித்துக்கொண்டிருந்தேன். அது இறக்கையை விரித்து எழும்பியது. கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. வலது கை அழுத்தியது. இடது கை அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத்தான் புள்ளியாக இல்லாமல் ஒரு பறவை எனக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் சாவியை மறந்தேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவை வாசலில் நிறுத்தினேன். பின்னால் கதவு திறந்து, உள்ளே இருட்டு.

"சிரிக்கட்டுமா அண்ணி?"

"உன் இஷ்டம்."

பாதி சிரித்தாள். எடுத்தேன். கடைசிதானே என்று, எண்ணைப் பார்க்காமல் பிலிமை முழுசும் சுற்றிவிட்டேன்.

வீட்டுக்காரர் லாரியில் போகும்போது பிலிமை ஸ்டுடியோவில் கொடுத்தார். படம் வந்ததும் வாங்கி, வழியிலேயே உபதேசியார் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"எப்படி வந்துகீது?" என்று கேட்டேன்.

"மூஞ்சி நல்லா கீது. மேல கொஞ்சம் லைட்டு அடிச்சிகீது. போதும்."

வந்த சேதி

ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. உபதேசியார் சைக்கிளில் வந்தார். இறங்கும்போதே பேச ஆரம்பித்தார்.

"சவரி, அவங்களுக்குப் புடிச்சிப்போச்சி. சாதாரணமா புடிக்கல. பொண்ணு தலைமேல இஸ்பிரீத்து சாந்து எறங்கியிருக்காராம்."

பரிசுத்த ஆவியைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். கோயில் படங்களில் வெள்ளைப் புறாவாக, இறக்கையை விரித்துத் தலைக்கு மேலே இறங்கும்.

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நம்ப ஸ்டெல்லா மேலயா?" என்றார் வீட்டுக்காரர்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா, "எனக்கே சொல்லாம எறங்கிட்டாரா?" என்றாள்.

சாவியைத் திருப்பிய ஞாபகம் எனக்கு இல்லை. அடுத்த நாள் பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் வெளுப்பு கறுப்பாகத் தெரியும். ஸ்டெல்லாவின் தலைக்கு மேலே கறுப்புக் கொக்கு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. என் கொக்குதான். கழுத்து, இறக்கை, எல்லாம் சரியாக விழுந்திருந்தது.

அது சரியாக விழுந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கழுவும்போதே பாத்தேம்மா. ஏதோ புது மாதிரி எடுத்துகிறீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

வீட்டில் சொன்னேன். மாமியார் விரல் விட்டு எண்ணினார். பிறகு, "நாலாவது எடம்" என்றார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ எப்பவும் பேசாத ஆளு. ஞாயித்துக்கெழம அவங்க வராங்க. அன்னிக்கு ஒரு நாளு மட்டும் புதுசா பேச ஆரம்பிச்சிடாத."

சனிக்கிழமை ஸ்டெல்லா என்னோடு ஏரிக்கு வந்தாள். போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான். முறுக்கிப் பிழிந்தோம்.

"அண்ணி, நீ சொல்லிடு."

"ஏன்?"

"நாளைக்கு நான் கொழம்புல உப்பு ஜாஸ்தியா போட்டா, ஆவி எறங்கின பொண்ணு இப்படியா வெப்பான்னு அந்தம்மா கேக்கும். ஆயுசுக்கும் என்னால அப்படி கொழம்பு வெக்க முடியாது."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா திமிருன்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ பேசறதே கம்மி."

தண்ணீர் சொட்டி முடிகிற வரைக்கும் பிழிந்தோம்.

"கொக்குன்னா சொல்றது?" என்று கேட்டேன். தெருவில் அவளைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைத்தான் கேட்டேன். அவளுக்குப் புரிந்தது.

போர்வையை உதறிக் காயப்போட்டாள். "கொக்குன்னே சொல்லு" என்றாள்.

பூசை முடிந்த ஞாயிறு

ஞானம்மா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். சாமியாரிடம் காட்டப்போவதாகச் சொன்னார். பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டக் கேட்கப்போவதாகச் சொன்னார். என் மாமியார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

காப்பித் தட்டைத் தரையில் வைத்தேன்.

"அது கொக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"இன்னா சொன்னே?" என்றார் ஞானம்மா.

"கொக்கு. ஏரியில எடுத்தது. சாவி திருப்ப மறந்துட்டேன். அதுமேலயே ஸ்டெல்லாவையும் எடுத்துட்டேன்."

அந்த வருஷத்திலேயே நான் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் என்று வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

ஞானம்மா போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். "கழுத்து நீளமாத்தான் கீது" என்றார், தனக்குத்தானே. பிறகு உபதேசியாரைப் பார்த்தார். "நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்" என்றார் அவர். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "புறா மாதிரி எறங்கினாருன்னுதான் பசங்களுக்குச் சொல்லித் தரோம். புறாவேன்னு சொல்றதில்ல."

ஞானம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்.

"சாவிய மறந்தது யாரு?"

"நான்."

"மறக்க வெச்சது யாரு?"

தட்டை மறுபடியும் கையில் எடுத்தேன்.

ஆனால் அவர் முகம் இறங்கிவிட்டது. போட்டோவை ஜெபமாலைப் பையில் வைக்கவில்லை. பாயின் மேல் வைத்தார். "கொஞ்சம் ரோசன பண்ணிச் சொல்றோம்" என்றார். மூன்று முறை கேட்ட பேச்சு எங்களுக்கு. அடுப்படியில் ஒரு தம்ளர் விழுந்தது.

எழுந்திருக்கக் கையை ஊன்றியவர், மகனைப் பார்த்தார்.

"நீயும்தான் ஒரு வாரமா போட்டோவ சட்டப் பையில வெச்சிகினு திரிஞ்சே. உனக்குக் கொக்குன்னு தெரியலியாடா?"

மாப்பிள்ளை அதுவரை வாயே திறக்கவில்லை. "நான் கொக்கப் பாக்கலம்மா" என்றார்.

"பின்ன இன்னாத்தப் பாத்தே?"

"அதுக்குக் கீழ பாத்தேன்."

அடுப்படியில் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பொத்தினால் அவள் சிரிப்பு இன்னும் சத்தமாகக் கேட்கும்.

"யாரு சிரிக்கறது?" என்றார் ஞானம்மா.

"பொண்ணுதான்" என்றார் என் மாமியார், மெதுவாக.

"வரச் சொல்லு."

ஸ்டெல்லா நிலைப்படியில் குனிந்து வந்தாள். நிமிர்ந்தாள். ஞானம்மா கீழேயிருந்து மேலே வரைக்கும் பார்த்தார். நேரமாயிற்று.

"ஒசரம்தான்."

"கொக்குன்னுதான் கூப்புடுவாங்க" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டுக்காரர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

ஞானம்மா பாயிலிருந்து போட்டோவை எடுத்தார். புடவையில் துடைத்தார். "எங்க வூட்டுல பரண்மேல ஒரு சாமான் எடுக்க ஏணி தேட வேண்டிகீது. எவன் எடுத்துக்கினு போனான்னே தெரியாது" என்றார். பிறகு போட்டோவைப் பைக்குள் போட்டு மாலையோடு சேர்த்துச் சுருக்கை இழுத்தார்.

மாமியாருக்கு அது புரிய நேரமாயிற்று. உபதேசியார், "சம்மதம்" என்று அவர் காதில் சொன்னார்.

கரை

காப்பி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுக் குடித்தோம். சாப்பாடும் ஆயிற்று. கிளம்பும்போது ஞானம்மா என்னிடம் வந்தார்.

"அந்தக் கொக்கு எங்க கீது?"

"ஏரியில."

"காட்டு."

எல்லோரும் போனோம். ஞாயிற்றுக்கிழமைத் துணியில் கரையேறினோம். வெயில் தாழ்ந்திருந்தது. ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கொக்குகள் அடைய வந்துகொண்டிருந்தன. மரம் பூத்தாற்போல் இருந்தது. என்னிடம் பிலிம் இல்லை.

"இதுல எது?" என்றார் ஞானம்மா.

"தெரியாது."

"நீதான எடுத்தே?"

"எல்லாம் ஒரே மாதிரிதான்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப ஒண்ணு விடாம எண்ணிட்டுப் போறேன்" என்றார். மதகுப் பக்கத்து மரத்திலிருந்து விரல் நீட்டி ஆரம்பித்தார். கண் சரியில்லை. இரண்டு முறை விட்டுப்போயிற்று.

"நீ அந்தக் கடைசியிலேர்ந்து வா. நான் இங்கேர்ந்து வரேன்" என்றார் ஸ்டெல்லாவிடம்.

மாப்பிள்ளையும் வீட்டுக்காரரும் பீடி பற்ற வைக்கத் தள்ளிப் போனார்கள். வீட்டுக்காரர் ஏதோ சொன்னார், மாப்பிள்ளை சிரித்தார். கொசுக் கதையாகத்தான் இருக்கும்.

கரையில் இரண்டு பேரும் உதடு அசைய எண்ணிக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். நடு மரத்துக்கு நேரே வந்து நின்றார்கள். அதிலிருந்த கொக்குகளை ஸ்டெல்லா எண்ணிவிட்டதாகச் சொன்னாள். ஞானம்மா விட்டுக்கொடுத்தார்.

ஸ்டெல்லா நாற்பத்தொன்று. ஞானம்மா முப்பத்தெட்டு.

எழுபத்தொன்பது.